வலைப்பூவில் ஏன் பணம் வரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் வலைப்பூவோ சிறிய வலைத்தளமோ நடத்துகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் நன்றாக எழுதுகிறவர்கள். வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறவர்கள். "இதுல என்னத்தைக் கண்ட?" என்று வீட்டில் பேச்சு வாங்கி, ஒருநாள் மனம் விட்டுப்போய், எழுத்தையே நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஏனென்றால் அவர்களில் பலருக்குக் குறை எழுத்தில் இல்லை. தங்களுக்குப் பணம் தரப்போவது யார் என்று ஆரம்பத்தில் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

நல்லாத்தான் எழுதறேன், ஆளும் வர்றாங்க. பணம் மட்டும் ஏன் வரல?

படிக்கிறவர் ஒருவர், பணம் தருகிறவர் இன்னொருவர் என்பதால். விளம்பரத்தை நம்பி நடக்கும் வலைப்பூவில் உங்களுக்குப் பணம் தருவது, நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத விளம்பரதாரர். உங்கள் பதிவு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அதைப் படிக்கிறவர் சீக்கிரத்தில் தன்னிடம் எதையாவது வாங்குவாரா என்பது ஒன்றே அவருடைய கேள்வி.

குறுந்தொகைப் பாடலுக்கு நீங்கள் எழுதிய அருமையான விளக்கத்தைப் பத்தாயிரம் பேர் படிக்கலாம். அவர்களிடம் விற்க எந்த வங்கிக்கும் எதுவும் இல்லை. வீட்டுக் கடன் வட்டி பற்றிய சுமாரான ஒரு பதிவை ஐந்நூறு பேர் படித்தால், அந்த ஐந்நூறு பேருக்காக வங்கிகள் போட்டி போடும். ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் அந்த விளம்பர இடத்துக்கு ஒரு நொடிக்குள் ஏலம் நடக்கிறது. கேட்பார் இல்லாத இடத்தில் விலை ஏறாது. படிக்கிறவரின் முந்தைய தேடல்களை வைத்தும் விளம்பரம் வரும் என்பதால் கவிதைப் பக்கத்திலும் கொஞ்சம் காசு வரத்தான் செய்யும். ஆனால் அது கொஞ்சம்தான்.

மாசம் 30,000 பார்வை வருது. எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

முதலில் அந்த 30,000 எங்கே எடுத்த கணக்கு என்று பாருங்கள். கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாக்கர் (பிளாக்ஸ்பாட்) தன் முகப்பில் காட்டும் எண்ணிக்கையில் மனிதர்கள் மட்டுமல்ல, தானியங்கி நிரல்களும் சேர்ந்திருக்கும். வருகிறவர்களை எண்ணும் கருவியான கூகுள் அனலிடிக்ஸைப் பொருத்திப் பார்த்தால் பல பேருக்கு அந்த எண் கணிசமாகக் குறைகிறது. விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கிறவர்களையும், முதல் விளம்பரம் வருவதற்குள் பக்கத்தை மூடிவிட்டுப் போகிறவர்களையும் கழிக்க வேண்டும்.

எல்லாம் போக 30,000 நிஜப் பார்வை என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் பார்வைக்கு ஒரு டாலர் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். உங்கள் தளத்துக்கு உண்மையில் எவ்வளவு என்பதை, கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸின் அறிக்கையில் பக்க ஆர்பிஎம் (ஆயிரம் பார்வைக்கான வருமானம்) என்ற வரியில் பார்க்கலாம். மாதம் 30 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 2,550 ரூபாய். டொமைனுக்கும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைத்திருக்கும் சர்வருக்கான வாடகை) ஆண்டுக்கு 6,000 ரூபாய் கட்டுகிறீர்கள் என்றால் மாதத்துக்கு 500 கழியும். மிச்சம் 2,050.

இப்போது உங்கள் நேரத்தைச் சேருங்கள். மாதம் எட்டுப் பதிவு, ஒவ்வொன்றுக்கும் தேட, எழுத, படம் போட, பிழை திருத்த ஆறு மணி நேரம் என்றால் மொத்தம் 48 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 43 ரூபாய்கூடத் தேறவில்லை. இத்தனைக்கும் 30,000 பார்வை என்பது தமிழில் சாதாரண விஷயமே இல்லை. இதே கணக்கில் மாதம் ஒரு லட்சம் ரூபாய் வர வேண்டுமானால் ஏறக்குறைய 12 லட்சம் பார்வை வேண்டும். இந்தக் கணக்கை ஆறு மாதம் எழுதிய பிறகு போடுகிறார்கள். முதல் பதிவுக்கு முன்பே போட்டிருந்தால் பலர் வேறு மாதிரி ஆரம்பித்திருப்பார்கள்.

ஹோஸ்டிங் பற்றி இன்னொன்று. பல நிறுவனங்களில் முதல் ஆண்டு விலை சலுகை விலை. புதுப்பிக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காக வந்து நிற்கும். வாங்கும்போதே புதுப்பிக்கும் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ல எழுதறதாலதான் குறைவா வருதா?

பெரிய அளவில் ஆமாம். ஆட்சென்ஸ் 2003ல் தொடங்கியது. இந்தியை அது ஏற்றுக்கொண்டது 2014 டிசம்பரில். தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். தமிழ் வலைப்பூக்கள் மிக உற்சாகமாக இருந்த காலம் அதற்கு வெகு முன்பே வந்துபோய்விட்டது. பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் தினமும் புதிய பதிவுகள் வந்து குவிந்த அந்த ஆண்டுகளில், தமிழில் மட்டும் எழுதியவருக்கு முறையாக விளம்பரம் போடவே வழியில்லை. வழி பிறந்தபோது வாசகர்களில் பெரும்பகுதி முகநூலுக்கும் யூடியூபுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நகர்ந்திருந்தார்கள். நம் பதிவர்களில் பலர் சோர்ந்து போனதற்கு அவர்களுடைய திறமையின்மை காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்றைக்கும் தமிழ்ப் பக்கங்களைக் குறிவைத்து ஏலம் கேட்கும் விளம்பரதாரர்கள் குறைவு. தமிழ்நாட்டில் அதிகம் விளம்பரம் செய்கிறவர்கள் யார்? நகைக்கடைகள், ஜவுளிக்கடைகள், பொறியியல் கல்லூரிகள், மனை விற்பவர்கள். அவர்கள் பணம் தொலைக்காட்சிக்கும் நாளிதழுக்கும் போகிறது, இப்போது ரீல்ஸுக்கும் போகிறது. எழுத்துப் பக்கத்துக்கு வருவது மீதிதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. விளம்பரத்தின் விலை, பக்கத்தின் மொழியோடு படிப்பவர் இருக்கும் நாட்டையும் பொறுத்தது. டொராண்டோவிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து உங்கள் தமிழ்ப் பக்கத்தைத் திறக்கும் ஒருவருக்கு, அந்த ஊர் விளம்பரதாரர் அந்த ஊர் விலையைக் கொடுக்கிறார். அனலிடிக்ஸில் நாடுவாரிப் பட்டியலைப் பாருங்கள். புலம்பெயர்ந்தவர்கள் உங்களிடம் கணிசமாக வருகிறார்கள் என்றால், அவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

ஆட்சென்ஸ்ல 10 டாலர் தாண்டியாச்சு, ஏன் இன்னும் அனுப்பல?

10 டாலர் என்பது முகவரியைச் சரிபார்க்கும் கட்டம். அப்போது கூகுள் ஒரு பின் நம்பரை அச்சிட்ட கடிதமாகத் தபாலில் அனுப்பும். கிராமத்து முகவரியில் கதவு எண் இல்லாமல் போவதும், ஆங்கில எழுத்துக்கோப்பு மாறுவதும் சகஜம் என்பதால், தபால்காரருக்குத் தெரிந்த மாதிரி அப்பா பெயர், தெருப் பெயர், அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் எழுதுங்கள். முடிந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். முதல் பின் உருவான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் பக்கத்தில் விளம்பரம் நின்றுவிடும்.

பணம் கையில் வருவது 100 டாலர் சேர்ந்த பிறகு, அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல். மேலே சொன்ன 30 டாலர் கணக்கில் முதல் பணம் வரவே ஐந்தாவது மாதம் ஆகிவிடும்.

நண்பர்களை விளம்பரத்தைக் கிளிக் பண்ணச் சொல்லலாமா?

கூடாது. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் "மச்சான், உள்ள போய் ரெண்டு விளம்பரத்தை அமுக்குடா" என்று போட்டுக் கணக்கை இழந்தவர்கள் நிறைய. ஒரே ஊரிலிருந்து, ஒரே நேரத்தில், படிக்காமல் கிளிக் மட்டும் வந்தால் கண்டுபிடிப்பது அவர்களுக்கு எளிது. கணக்கு முடங்கினால் சேர்ந்த பணம் விளம்பரதாரருக்குத் திரும்பிப் போகும். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் பெரும்பாலும் கணக்கு திரும்பக் கிடைப்பதில்லை.

நல்லா போயிட்டிருந்தது. திடீர்னு கூட்டம் பாதியா குறைஞ்சிடுச்சு. என்ன ஆச்சு?

கூகுள் தன் தேடல் முறையை மாற்றியிருக்கும். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை, பெரிய பெரிய நிறுவனங்களுக்கே நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் டிமாண்ட் மீடியா என்ற நிறுவனம் இருந்தது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கணினியை வைத்துக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற கட்டுரைகளைச் சொற்ப கூலிக்கு எழுத்தாளர்களிடம் எழுதி வாங்கி, இஹவ் போன்ற தளங்களில் ஆயிரக்கணக்கில் போட்டது. 2011 ஜனவரியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு சுமார் 150 கோடி டாலர். நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தைவிட அதிகம். அடுத்த மாதமே கூகுள், பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. மேலோட்டமான கட்டுரைகளைக் குவிக்கும் தளங்களைக் கீழே தள்ளுவதுதான் அதன் நோக்கம். அடுத்தடுத்த மாதங்களில் இஹவ்வும் அடி வாங்கியது. அந்த நிறுவனம் பிறகு லீஃப் குரூப் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2021ல் சுமார் 32 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. வாசகர்கள் எல்லோரும் ஒரே வாசல் வழியாக வந்ததுதான் அதன் பலவீனம். அந்த வாசலும் அவர்களுடையது இல்லை.

அதற்குப் பிறகும் இது ஓயவில்லை. 2022 ஆகஸ்டில் "பயனுள்ள உள்ளடக்கம்" என்ற பெயரில் ஒரு மாற்றம் வந்தது. 2023 செப்டம்பரில் அதன் கடுமையான வடிவம் வந்தபோது, தனிமனிதர்கள் நேர்மையாக நடத்திய தளங்களும் பல அடிபட்டன. அவர்களில் சிலர் பொருள்களைக் காசு கொடுத்து வாங்கி, சோதித்து, படம் எடுத்து எழுதியவர்கள். அவர்கள் மேல் தவறு இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் தேடல் பக்கத்தின் மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் வரத் தொடங்கியது. "சாதிச் சான்றிதழ் வாங்க என்னென்ன ஆவணம் வேண்டும்" என்று தேடுகிறவருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டால், அதை உங்கள் பக்கத்தில் வந்து படிக்க அவருக்குக் காரணமில்லை.

செய்யக்கூடியது இரண்டு. கூட்டம் குறைந்த தேதியை, உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கருவியில் பார்த்து, அது ஏதாவது அறிவிக்கப்பட்ட மாற்றத்தோடு பொருந்துகிறதா, அல்லது உங்கள் தளத்தில் ஏதாவது பழுதா என்று உறுதி செய்யுங்கள். நிரலில் ஒரு வரி மாறிப்போய்த் தளமே தேடலிலிருந்து விலகி நின்ற கதைகளும் உண்டு. இரண்டாவது, தேடலில் இருந்து வராத வாசகர்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். மின்னஞ்சல் பட்டியலோ வாட்ஸ்அப் சேனலோ டெலிகிராமோ, உங்கள் பெயரைத் தெரிந்து வருகிற ஐந்நூறு பேர், எப்படியோ வந்து விழும் ஐம்பதாயிரம் பேரைவிட நிலையானவர்கள். இவற்றில் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றுதான் நீங்கள் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடியது.

தினமும் பத்துப் பதிவு போட்டா? ஏஐ வச்சு எழுதினா?

டிமாண்ட் மீடியா செய்ததும் அதுதான், கூலி கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. எப்படி எழுதப்பட்டது என்பது எப்படியிருந்தாலும், தேடலில் இடம் பிடிக்க மட்டுமே மொத்தமாகப் பக்கங்களைக் குவிப்பதை 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிமீறல் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்த்தது.

விதியைத் தள்ளி வைத்துவிட்டு வாசகர் பக்கமிருந்து பார்த்தாலும் இது ஓடாது. வேறு இருபது தளங்களில் உள்ளதையே இருபத்தோராவதாக எழுதினால் அவர் உங்கள் பெயரை ஏன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? நீங்கள் நேரில் பார்த்தது, செய்தது, விசாரித்தது எதுவோ அதை எழுதுங்கள். மாதம் இரண்டு போதும்.

நல்ல பெயரோடு இருந்த பெரிய தளங்களே மூடிட்டாங்களே?

ஆமாம். தில்லியில் பிறந்த ஓம் மாலிக் அமெரிக்காவில் நடத்திய கிகாஓம், தொழில்நுட்பச் செய்தியில் மிகவும் மதிக்கப்பட்ட தளம். 2006ல் முதலீடு வாங்கி நிறுவனமானது. 2015 மார்ச்சில் கடன் கொடுத்தவர்களுக்கு முழுதாகப் பணம் கட்ட முடியாமல் நின்றது. விளம்பரம், கருத்தரங்கு, ஆய்வறிக்கைச் சந்தா என்று மூன்று வழியில் வருமானம் இருந்தும் செலவு அதைத் தாண்டியது. வாசகர்களுக்குப் பஞ்சமே இல்லை. நியூயார்க்கில் தி ஆல் என்ற தளமும் அதன் சகோதரத் தளமான தி ஹேர்பின்னும் எத்தனையோ இளம் எழுத்தாளர்களை வளர்த்தவை. விளம்பர வருமானம் வற்றியதால் 2018 ஜனவரியில் இரண்டும் மூடும் முடிவுக்கு வந்தன.

நம் அளவில் இதில் கற்க வேண்டியது செலவைப் பற்றி. வருமானம் வருவதற்கு முன்பே லோகோவுக்கு ஒருவர், எஸ்இஓவுக்கு (தேடலில் மேலே வரச் செய்யும் வேலை) ஒருவர், விலைகொடுத்து வாங்கிய தீம், மக்கள் தேடும் சொற்களைக் காட்டும் கீவேர்டு கருவி மாதச் சந்தாவில் என்று பணத்தைப் போட்டவர்கள், பிளாக்ஸ்பாட்டில் இலவசமாக எழுதிக்கொண்டிருப்பவர்களைவிட வேகமாக மூடுகிறார்கள்.

ஆஃபிலியேட் லிங்க் போட்டா விளம்பரத்தைவிட நல்லா வரும்னு சொல்றாங்களே?

ஆஃபிலியேட் என்றால், உங்கள் லிங்க் வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கடை உங்களுக்குத் தரும் கமிஷன். பொருளைப் பற்றி எழுதுகிற தளங்களுக்கு அது வரும். தி வயர்கட்டர் என்ற தளம் 2011ல் தொடங்கி, பொருள்களை வாரக்கணக்கில் சோதித்து எழுதி, முக்கியமாக இந்த வருமானத்திலேயே வளர்ந்தது. 2016ல் நியூயார்க் டைம்ஸ் அதைச் சுமார் 3 கோடி டாலருக்கு வாங்கியது.

ஆனால் கமிஷனை நிர்ணயிப்பது கடைக்காரர். 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் தன் கமிஷனைக் குறைத்தது. மரச்சாமான், வீட்டுப் பராமரிப்புப் பொருள்களுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 ஆனது. மளிகைக்கு 5 சதவீதமாக இருந்தது 1 ஆனது. அறிவித்து ஒரு வாரத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தப் பொருள்களின் கமிஷனை மட்டுமே நம்பியிருந்தவர்களின் வருமானம் அப்படியே பாதிக்கும் கீழே போனது.

நம் ஊரில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. மிக்ஸியைப் பற்றி உங்கள் பதிவில் படிப்பார், மாடல் பெயரைக் குறித்துக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடைக்குப் போய்ப் பேரம் பேசி வாங்குவார். உங்களால்தான் வாங்கினார், உங்களுக்கு ஒரு பைசா வராது. இணையத்திலேயே வாங்கினாலும், அமேசான் லிங்கை அழுத்தி 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டால்தான் கணக்கு.

ஸ்பான்சர் பதிவு கேட்டு மெயில் வருது. போடலாமா?

யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் துறையில் உள்ள நேர்மையான நிறுவனம் என்றால் போடலாம், பணம் வாங்கிய விஷயத்தைப் பதிவின் மேலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைத்தான் கேட்கின்றன.

ஆனால் வருகிற மெயில்களில் நிறைய, "கட்டுரையை நாங்களே தருகிறோம், உள்ளே ஒரு லிங்க் இருக்கும், அதில் நோஃபாலோ போடக் கூடாது" என்கிற வகை. நோஃபாலோ என்பது, அந்த லிங்கைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பு. லிங்க் எங்கே போகிறது என்று அழுத்திப் பார்த்தால் பந்தயத் தளமோ சூதாட்டத் தளமோ இருக்கும். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராக 2023ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதற்கு விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. கூகுள் விதியிலும் காசுக்கு விற்ற லிங்கை மறைப்பது குற்றம். அதைவிட முக்கியம், உங்களை நம்பிப் படிக்கிற ஒரு பையன் அந்த லிங்க் வழியாகப் போய்ப் பணத்தைத் தொலைக்கலாம். தயவுசெய்து போடாதீர்கள்.

அப்போ எதிலதான் பணம் வரும்?

படிக்கிறவரே நேரடியாக உங்களுக்குப் பணம் தரும்படி ஏதாவது ஒன்று இருக்கும்போது. என் பார்வையில் தமிழில் சிறிய அளவில் நடத்துகிறவர்களுக்கு உருப்படியான வழி இதுதான்.

தையல் பற்றி எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பதிவுகளுக்கு வருகிறவர்கள் "36 சைஸ் பிளவுஸ் கட்டிங்", "போட் நெக் அளவு", "கை இறுக்கமா இருந்தா எப்படிச் சரி பண்றது" என்று தேடி வருகிறார்கள். எல்லோருமே கையில் துணியையும் அளவு நாடாவையும் வைத்துக்கொண்டு, எங்கே வெட்டுவது என்று தயங்கி நிற்பவர்கள். விளம்பரத்தை நம்பினால் ஆயிரம் பேர் வந்தால்தான் ஒரு டாலர். அதே தளத்தில் 32லிருந்து 42 வரை எல்லா அளவுக்கும் பேப்பர் கட்டிங் அச்சிட்டு, தபாலில் அனுப்ப 300 ரூபாய் என்று ஒரு பக்கம் போடுகிறார் என்று வையுங்கள். அச்சு, தபால் செலவு 120 போனால் 180 மிச்சம். மாதம் 30 பேர் வாங்கினால் 5,400 ரூபாய். முன்பு பார்த்த 30,000 பார்வைக்கான விளம்பர வருமானத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். சனி ஞாயிறில் கூகுள் மீட்டில் வகுப்பு எடுத்தால் வருமானம் இன்னும் கூடும். வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்களே அடுத்த பதிவுகளுக்கும் விஷயம் தரும்.

வருமான வரி, ஜிஎஸ்டி பற்றித் தமிழில் தெளிவாக எழுதும் கணக்கருக்கு மாதம் நானூறு வாசகர் போதும். அதில் நான்கு பேர் வாடிக்கையாளராக வந்தால் அவருடைய வலைப்பூ லாபத்தில் நடக்கிறது, ஒரு விளம்பரம்கூட இல்லாமல். ஆட்டுப் பண்ணை பற்றி எழுதுகிறவர் குட்டி விற்கலாம், பண்ணை பார்க்க வருகிறவர்களுக்குப் பயிற்சி தரலாம். எழுத்தே விற்பனைப் பொருளாக இருக்கும் வழியும் உண்டு. பென் தாம்ப்சன் என்பவர் தைவானில் இருந்தபடி 2013ல் ஸ்ட்ராடெக்கரி என்ற தளத்தைத் தொடங்கினார். தொழில்நுட்ப நிறுவனங்களின் வியாபாரம் பற்றித் தனியாளாக எழுதி, 2014லிருந்து சந்தாவில் அதை நடத்தினார். அவர் வாசகர்களுக்கு அது அவர்கள் வேலைக்கு உதவும் எழுத்து. படிப்பவர் தன் பிழைப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும் எழுத்துக்குச் சந்தா எளிதாகக் கிடைக்கிறது. கதைக்கும் கவிதைக்கும் அது கடினம், ஆனால் புத்தகமாக்கி விற்க வழி இருக்கிறது.

பணம் வாங்குவது முன்பைவிட எளிது. யுபிஐ க்யூஆர் ஒன்றைப் பதிவின் கீழே வைத்தால் போதும். மாதச் சந்தாவுக்கு வெளிநாட்டுத் தளங்களை நம்புவதாக இருந்தால் யோசியுங்கள். ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பிடித்தம் பற்றிய விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு, இந்திய அட்டைகளில் அத்தகைய சந்தாக்கள் பல பாதியில் நின்றுபோயின. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் தொல்லையில்லை.

யூடியூப்ல "பிளாக்கிங்ல மாசம் ஒரு லட்சம்"னு ஸ்கிரீன்ஷாட் காட்டறாங்களே, அது பொய்யா?

சில உண்மையாகவே இருக்கும். ஆனால் மூன்று விஷயம் கேளுங்கள். அந்தத் தளம் எந்த மொழியில், எந்த நாட்டு வாசகருக்கு? அது எந்த ஆண்டு அறிக்கை? அவருடைய முக்கிய வருமானம் வலைப்பூவா, அல்லது வலைப்பூ நடத்தக் கற்றுத்தரும் கோர்ஸும் அந்த வீடியோவின் கீழே இருக்கும் ஹோஸ்டிங் லிங்கும்தானா? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் 4,999 ரூபாய் கட்டாதீர்கள். அடிப்படையில் தெரிய வேண்டியது எல்லாம் கூகுளின் உதவிப் பக்கங்களில் இலவசமாக இருக்கிறது.

வேலையை விட்டுட்டு முழுநேரமா இறங்கலாமா?

விளம்பர வருமானத்தை மட்டும் நம்பி என்றால், வேண்டாம். 2004ல் வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பதிவரான அமித் அகர்வாலைப் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். அவர் கணினிப் பொறியாளர், எழுதியது ஆங்கிலத்தில், தொழில்நுட்பம் பற்றி, போட்டியே இல்லாத காலத்தில். பிறகு கூகுள் ஷீட்ஸுக்கும் ஜிமெயிலுக்கும் தானே உருவாக்கிய கருவிகளையும் விற்கிறார். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பின்பாதிதான்.

வரி கட்டணுமா?

ஆட்சென்ஸ் பணம் சிங்கப்பூரில் உள்ள கூகுள் நிறுவனத்திலிருந்து உங்கள் வங்கிக்கு வருகிறது. அது வருமானம்தான், சிறியதானாலும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். ஹோஸ்டிங், டொமைன் ரசீதுகளை எடுத்து வையுங்கள், செலவாகக் கழிக்கலாம். தொகை பெரிதாகும்போது ஜிஎஸ்டி பற்றி ஓர் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

எவ்வளவு நாள் பார்க்கலாம்? மூடிடணும்னா எப்படி மூடறது?

எழுதுவதற்காகவே எழுதுகிறீர்கள் என்றால் பணத்துக்காக மூட வேண்டிய அவசியமே இல்லை. இலவசத் தளத்துக்கு மாற்றிக்கொண்டு, விளம்பரத்தை எடுத்துவிட்டுத் தொடருங்கள், படிக்கிறவர்களுக்கும் நிம்மதி. தொழிலாகத்தான் பார்க்கிறீர்கள் என்றால், ஓராண்டுக்குப் பிறகும் வாசகரில் ஒருவர்கூட "இதை எனக்குச் செய்து தருவீர்களா, எவ்வளவு ஆகும்?" என்று கேட்கவில்லை என்றால், எடுத்த விஷயத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

மூடுவது என்று முடிவானால் டொமைனைச் சும்மா காலாவதியாக விடாதீர்கள். தி ஹேர்பின்னுக்கு அதுதான் நடந்தது. மூடிய சில ஆண்டுகளில் அந்த முகவரியை வேறு யாரோ வாங்கி, பழைய பெயரைப் பயன்படுத்தி ஏஐ எழுதிய கட்டுரைகளால் நிரப்பினார்கள். பழைய கட்டுரைகள் சிலவற்றை எழுதியவர்களின் பெயரை மாற்றியும் போட்டார்கள். 2024ல் அது செய்தியானது. தமிழ்த் தளங்களின் பழைய முகவரிகளைத் திறந்தால் பந்தய விளம்பரம் வருவதையும் இப்போது பார்க்கிறோம்.

ஆகவே முதலில் எல்லாப் பதிவுகளையும் இறக்கி வையுங்கள். பிளாக்கரில் அமைப்புகளில் காப்புப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது, வேர்ட்பிரஸ்ஸில் கருவிகள் பகுதியில் ஏற்றுமதி இருக்கிறது. இரண்டிலுமே படங்கள் அந்தக் கோப்புக்குள் வராது, அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். நல்ல பதிவுகளை, பழைய இணையப் பக்கங்களைக் காத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒவ்வொன்றாகச் சேமியுங்கள். பிறகு டொமைனை மட்டும் இன்னும் சில ஆண்டுகளுக்குப் புதுப்பித்து, பிளாக்ஸ்பாட்டில் ஏற்றிய பழைய பதிவுகளுக்குத் திருப்பிவிடுங்கள். ஹோஸ்டிங்கை நிறுத்திவிடலாம், டொமைனுக்கு மட்டும் என்றால் ஆண்டுக்கு ஆகும் செலவு அதிகமில்லை.

தளத்தை விற்பதாக இருந்தால், வாங்குகிறவர் அதில் என்ன போடப்போகிறார் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் பெயர் உள்ள பதிவுகளைப் பெயரோடு வைத்திருப்பாரா, எடுத்துவிடுவாரா என்பதையும் அதே தாளில் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.